சொல் சிறுத்தைக்கு, ராகம் பிள்ளைக்கு

சிறுத்தையும் மந்தியும் நம்மைப் போலவே வாயாடிய அந்தக் காலத்தில், மனிதருக்குப் பேசவும் தெரியும், ராகம் இழுக்கவும் தெரியும். ஆனால் பேசினால் ராகம் நிற்கும், ராகம் இழுத்தால் பேச்சு நிற்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் குழப்பம்தான்.

மாதி என்றொருத்தி கைக்குழந்தையோடு கிழங்கு தோண்டப் போனாள். மந்திக்குட்டி தாயின் ரோமத்தைப் பிடித்துத் தொங்கும். மனிதப் பிள்ளைக்குப் பிடிக்க ரோமம் ஏது? தோண்ட இரண்டு கையும் வேண்டுமே என்று பிள்ளையை இலைமேல் கிடத்தினாள். அது வீறிட்டது. குழிக்குள் நின்றபடியே ராகம் இழுத்தாள், அடங்கியது.

அழுகை கேட்டுச் சிறுத்தை வந்தது. தனியாகக் கிடக்கும் குட்டியை எடுக்கலாம், தாய் பிடியில் இருப்பதைத் தொடக்கூடாது என்பது காட்டு வழக்கம்.

"இது தனியாக் கெடக்குதா, உன் பிடியில இருக்குதா?" என்று கேட்டது சிறுத்தை.

"என் பிடியிலதான்!" என்றாள் மாதி. பேசியதும் ராகம் நின்றது. பிள்ளை அழுதது.

"உன் கை அங்க இருக்கு. இதுவும் அழுவுது. அப்போ தனியாத்தானே?" சிறுத்தை ஓரடி முன்னால் வைத்தது.

மாதி என்ன செய்வாள்? ராகம் இழுத்தால் சிறுத்தைக்குப் பதில் இல்லை, பதில் சொன்னால் பிள்ளை அழும். பிள்ளை போய்விடுமே என்று பதறினாள். அந்தப் பதற்றத்தில் இரண்டும் சேர்ந்தே வாயில் வந்தன. தன் அண்ணன் ஈட்டி எவ்வளவு நீளம், அவன் வளர்க்கும் நாய் எவ்வளவு பொல்லாதது என்று மிரட்டியதையெல்லாம் ராகத்திலேயே இழுத்தாள்.

பிள்ளைக்குக் கண் சொக்கியது. சிறுத்தை பிள்ளையைப் பார்த்தது, மாதியைப் பார்த்தது.

"நீ மிரட்டுறியா, கொஞ்சுறியா?"

"எனக்கே தெரியலையே!" என்று அதையும் பாடினாள் மாதி.

கை படாமலே இது என்ன பிடி என்று முணுமுணுத்துக்கொண்டே சிறுத்தை புதருக்குள் நுழைந்தது. போய்விட்டதா, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதா? மாதிக்குத் தெரியவில்லை. அதனால் பாட்டை நிறுத்தவில்லை.

அன்று முதல்தான் தாலாட்டில் மாமன் வீரமும் ஊர்ச் சண்டையும் வருகின்றன. பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு? பிள்ளைக்கு ராகம் போதும். அது தூங்கிய பிறகும் தாய் இன்னும் ஒரு வரி பாடுகிறாளே, ஏன்? சிறுத்தை போய்விட்டதா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.