ஷிஃபாவின் கையில் ஒரு ஸ்டார்

அந்த மழலையர் பள்ளிக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். நரைத்த தலையும் கஞ்சி போட்ட பருத்திப் புடவையுமாக நிற்கும் அமுதவல்லியைப் பார்த்து, "நீங்கதான ரெஜினா டீச்சர்?" என்று கும்பிடுவார்கள்.

அமுதவல்லி சிரித்தபடி உள்ளே கை காட்டுவார். அங்கே எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நடுவே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் சின்ன வயதுக்காரிதான் ரெஜினா. குரு அவர். அமுதவல்லி சீடர்.

அமுதவல்லி பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ரெஜினாவின் வகுப்பில் பிள்ளைகள் நாளெல்லாம் விளையாடுகிறார்கள், ஆனாலும் கேள்வி கேட்டே ஆளைத் துளைத்தெடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார்.

வந்த அன்றே கேட்டார்.

"டீச்சர், இதுங்க எப்பப் பாத்தாலும் விளையாடிக்கிட்டே இருக்குதுங்களே. நாம எப்பச் சொல்லிக் குடுக்கறது?"

"கொஞ்ச நாள் சும்மா உக்காந்து பாருங்கக்கா," என்றார் ரெஜினா.

சும்மா உட்காருவது அமுதவல்லிக்குப் பழக்கமில்லாத வேலை. ஆயுள் முழுக்க நின்றே பேசியவர். இருந்தாலும் உட்கார்ந்தார். வாயை மூட முடிந்தது, கைதான் பரபரத்தது.

ஒருநாள் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. ஷிஃபா என்ற நாலு வயதுக் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு, வெயில் விழுந்த சிமெண்டுத் தரையில் நடந்தாள். ஈரத் தடங்கள் வரிசையாக விழுந்தன. அவள் திரும்பிப் பார்த்தாள். முதல் தடத்தில் விரல்களைக் காணோம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதிகாலும் மறைந்தது.

"டீச்சர், என் காலு எங்க போச்சு?"

அமுதவல்லிக்கு உடம்பு சிலிர்த்தது. ஆவியாதல் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பார்! ஒரு பிள்ளையாவது இப்படிக் கேட்டதுண்டா? சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் நம் ஊர் டீச்சர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஷிஃபாவின் கையைப் பிடித்து, புறங்கையில் ஒரு ஸ்டார் போட்டார்.

"வெரி குட்! எவ்ளோ நல்ல கேள்வி!"

ஷிஃபா தன் கையைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தரையில் கடைசித் தடம் காய்ந்து மறைந்தபோது அதைப் பார்க்க யாரும் இல்லை.

மறுநாள் அமுதவல்லியைச் சுற்றிக் கூட்டம். இலை, கல், செத்துப்போன தும்பி, பக்கத்துப் பிள்ளையின் ரப்பர் என்று ஆளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து கையை நீட்டினார்கள். வகுப்பே விஞ்ஞானிகளாகிவிட்டது என்று அமுதவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்லோருக்கும் போட்டார். ரெஜினா பார்த்தார், எதுவும் சொல்லவில்லை.

சில நாளில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஆளே இல்லை. மணல் குழியில் யாரும் இறங்கவில்லை. பொருளை எடுப்பார்கள், ஓடி வருவார்கள், கையை நீட்டுவார்கள். ஸ்டார் விழுந்ததும் பொருளை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள்.

ஷிஃபாவும் ஒரு கூழாங்கல்லோடு வந்தாள்.

"இது என்னம்மா?"

"தெரியல."

"எங்க எடுத்த?"

அவள் கல்லை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மிக நல்ல பிள்ளையாகக் கேட்டாள்.

"இதுல என்ன கேக்கணும் டீச்சர்? நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன். ஸ்டார் போடுவீங்கல்ல?"

பேனா அமுதவல்லியின் விரலிலேயே நின்றது. அன்று மதியம் டப்பாவைத் திறந்தவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"டீச்சர், தானா கேட்டுட்டு இருந்த பிள்ளை. நான் கெடுத்துட்டேன்."

"ஆமாக்கா."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. ஏன் நிறுத்தறோம்னு தெரிஞ்சிருக்காது."

"அதுக்குள்ள அந்தப் பிள்ளைக்கு அது மறந்தே போச்சுன்னா?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கு," என்றார் ரெஜினா. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

அமுதவல்லி பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். கையை நீட்டிய பிள்ளைகள் ஏமாந்தார்கள். சிலர் அழுதார்கள், பிறகு ஒவ்வொருவராக மணலுக்குத் திரும்பினார்கள். ஷிஃபா மட்டும் திரும்பவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாடக் கூப்பிட்டால், "எதுக்கு?" என்றாள்.

இப்போது அவளிடம் மிச்சமிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

"அவளை எப்படி டீச்சர் திரும்பக் கூட்டிட்டு வர்றது? உங்க கால்ல வேணாலும் விழறேன், சொல்லுங்க."

ரெஜினா எழுந்தார். "தொட்டியைக் கழுவணும். கூட வாங்கக்கா."

கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அமுதவல்லிக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் பின்னாலேயே போனார்.

தொட்டியின் விளிம்பில் ஒரு நத்தை போய்க்கொண்டிருந்தது. விளிம்பு முடிந்த இடத்தில் நின்றது. எதிரே செங்கல் அடுக்கு. நடுவே ஓர் இடைவெளி, கீழே ஈரச் சருகு. நத்தை தன் உடம்பை வெறும் காற்றில் நீட்டியது. ஓடு பின்னால் ஒட்டிக்கொண்டிருக்க, பாதி உடம்பு அந்தரத்தில் செங்கல்லைத் துழாவியது.

அமுதவல்லி கரும்பலகையில் நத்தையை வரைந்து பாகம் குறித்தவர்தான். உயிருள்ள நத்தை ஒன்று இப்படித் துணிந்ததை அவர் பார்த்ததில்லை. தன்னை அறியாமல் குந்தினார். தாண்டுமா? விழுந்துவிடுமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

சட்டென்று ரெஜினா அவர் கையைப் பிடித்து இழுத்தார். எங்கிருந்தோ ஒரு சிவப்புப் பேனா. புறங்கையில் பெரிதாக ஒரு ஸ்டார்.

"வெரி குட்கா! என்ன அழகாப் பாக்கறீங்க!"

அமுதவல்லி கையைப் பார்த்தார். ரெஜினாவைப் பார்த்தார். உள்ளே கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வயதில் அது வந்ததுதான் அவருக்கு வெட்கமாகிவிட்டது. பிறகுதான் நினைவு வந்து திரும்பினார். நத்தை ஒன்றும் ஓட்டப்பந்தய வீரன் இல்லை. ஆனாலும் விளிம்பில் இல்லை, செங்கல்லிலும் இல்லை.

"ஐயோ, தாண்டிடுச்சா, விழுந்துடுச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் உங்களைத்தான பாத்துட்டு இருந்தேன்."

அமுதவல்லிக்கு அழுகை முட்டியது. அதைவிட, அந்த நத்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு சேற்றில் மண்டியிட்டார். சருகுகளை ஒவ்வொன்றாக விலக்கினார். கஞ்சி போட்ட மடிப்பெல்லாம் போயிற்று.

வாசற்படியிலிருந்து ஷிஃபா பார்த்தாள். டீச்சர் சேற்றில் தவழ்வதை அவள் பார்த்ததே இல்லை. மெல்ல எழுந்து வந்தாள்.

"என்ன டீச்சர் தேடறீங்க?"

"நத்தைம்மா. இங்கருந்து அங்க தாண்டப் பாத்துச்சு. தாண்டிச்சான்னு தெரியல."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியலையே."

ஷிஃபா அவர் முகத்தைக் கவனித்தாள். டீச்சர் பொய் சொல்லவில்லை என்று உறுதியானதும் அவளும் மண்டியிட்டாள்.

"அதுக்குக் காலே இல்லையே. எப்படிப் போகும்?"

பதில் அமுதவல்லியின் நுனிநாக்குவரை வந்துவிட்டது. படத்தோடு வந்தது. சிரமப்பட்டு விழுங்கினார்.

"கிடைச்சா பாப்போம்."

"டீச்சர், இங்க பளபளன்னு கோடு!"

செங்கல் அடுக்கின் மறைந்த பக்கத்தில் ஈரக் கோடு ஒன்று கீழே இறங்கியது. ஷிஃபா அதன்மேல் விரலை வைக்காமல், பக்கத்திலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். கோடு ஒரு வாதாம் இலைக்கு அடியில் நுழைந்தது. இலையைத் தூக்கினாள். நத்தை உள்ளே சுருங்கி ஓடாகக் கிடந்தது.

"பயந்துக்கிச்சு," என்று கிசுகிசுத்தாள். "நாம பேசாம இருந்தா வருமா?"

ஷிஃபா ஈர மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். இரண்டு கைகளையும் தாடைக்கு அடியில் மடக்கிக்கொண்டாள். சாப்பாட்டு மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் டப்பாவுக்கு ஓடினார்கள். அவள் காதில் அது விழவே இல்லை.

அமுதவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் குந்தியிருந்த குருவிடம் திரும்பினார்.

"டீச்சர், அவ கண்டுபிடிச்சுட்டா. ஸ்டார் கேக்கவே இல்ல, பாத்தீங்களா?"

ரெஜினா அவரையும் பார்க்கவில்லை, ஷிஃபாவையும் பார்க்கவில்லை.

"பேசாதீங்கக்கா. கொம்பு வெளிய வருது."