தம்பூராவுக்கு வேர் தேடியவர்

"தம்பூரான்னா என்ன அர்த்தம், பாவா?"

வந்ததும் வராததுமாகக் கேட்டார் குஞ்சிதபாதம். வயசு அறுபத்தாறு. பெரிய பாட்டுக்காரர். தோளில் உறை போட்ட தம்பூரா.

அவர் கேட்டது காதர் மஸ்தானிடம். கடலோரத் தர்காவில் இருப்பவர், குஞ்சிதபாதத்தைவிடப் பத்துப் பதினைந்து வயசு சின்னவர். முன்னே கப்பலில் சமையல் வேலை. போகாத துறைமுகம் இல்லை. அப்புறம் என்ன ஆச்சோ, இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் கேள்வியோடு வருவார்கள். சில பேர் பதிலோடு போவார்கள்.

"உக்காருங்க பாகவதரே. அர்த்தம் எதுக்கு?"

"என் தங்கச்சி அபயாம்பாளுக்குப் பட்டம் கொடுக்கப்போறேன். சபையிலே, நாலு பெரிய மனுஷங்க முன்னாடி. கண்ணாடி போட்ட பாராட்டுப் பத்திரம். தம்பூராவோட பெருமையை வேர்ச்சொல்லோட எழுதினாத்தானே எடுப்பா இருக்கும்?"

"தங்கச்சி என்ன செஞ்சாங்க?"

"முப்பத்தஞ்சு வருஷம் எனக்குப் பின்னாடி உக்காந்து தம்பூரா போட்டா. நாலு மாசம் முன்னே ஒரு கச்சேரி முடிஞ்சுது. தம்பூராவை உறையிலே போட்டு என் கையிலே கொடுத்தா. வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் வரலே."

"ஏன்னு கேட்டீங்களா?"

"ஆள் விட்டுக் கேட்டேன்."

"ஏன், உங்களுக்குக் கால் வலியா?"

குஞ்சிதபாதம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வேற ஆள் வெச்சேன். சுருதிப் பெட்டி வெச்சேன். எதுவும் ஒட்டலே பாவா. போன மாசம் நடுப்பாட்டிலே சுருதியை விட்டுட்டேன். முன்வரிசையிலே ஒருத்தர் குனிஞ்சு செருப்பைத் தேடினார்."

"சரி, பட்டம் கொடுத்தா?"

"மனசு குளிர்ந்து திரும்பி வந்து உக்காருவா."

மஸ்தான் தம்பூராவை வாங்கி மடியில் சாய்த்துக்கொண்டார்.

"பாரசீகத்தான் தன்பூர்ங்கிறான். துருக்கிக்காரன் தம்பூர்ங்கிறான். எங்க கப்பல்லே பல்கேரியாக்காரன் ஒருத்தன், எஞ்சினுக்கு எண்ணெய் போடுறவன். அவன் நம்மள மாதிரியே தம்புராம்பான். முதல்லே சொன்னது யாருங்கிறது படிச்சவங்க சண்டை. நான் சட்டி கழுவினவன்."

குஞ்சிதபாதம் தாளை எடுத்து எழுதிக்கொண்டார். "சொல்லுங்க, சொல்லுங்க."

"அவனோடது சின்னதா இருக்கும். சாயங்காலமானா எடுப்பான். கல்யாணப் பாட்டு வாசிப்பான். ஆத்தா செத்த பாட்டு வாசிப்பான். ஒருநாள் அவன் வாசிச்ச வாசிப்பிலே ஒருத்தன் என் குழம்புச் சட்டியைத் தலையிலே கவுத்துக்கிட்டு ஆடினான்."

"வாய்ப்பாட்டு யாரு?"

"யாருமில்லே. அதுதான் பாடுச்சு."

பேனா நின்றது.

"நம்மூர்லே அது பாடாதே பாவா. நாலு தந்தி. விரல் வெச்சு அழுத்த ஒரு மெட்டுகூடக் கிடையாது. பாடுறவனுக்குச் சுருதி கொடுக்கும், அவ்வளவுதான்."

"அங்கெல்லாம் பாடினது, இங்கே வந்து ஏன் வாயை மூடிக்கிச்சு?"

குஞ்சிதபாதம் உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கும் தெரியாது," என்றார் மஸ்தான். "இன்னிக்கு வியாழக்கிழமை. கொஞ்ச நேரத்திலே பக்கீர்களோட பாடுவேன். எனக்குச் சுருதி போடுங்க. மிச்சத்தை அப்புறம் எழுதிக்கலாம்."

போட்டார்.

இரண்டு பக்கீர்கள் தாயிராவைத் தட்டினார்கள். கைக்குள் அடங்குகிற வட்டத் தோல்கருவி அது. மஸ்தான் பாடினார். நங்கூரம் இழுக்கிற மாதிரிக் குரல். மூணாவது அடியில் சுருதி நழுவியது.

குஞ்சிதபாதத்துக்குப் பொறுக்கவில்லை. நூல் மாதிரி, கைகொடுக்கிற மாதிரி, கூடச் சேர்ந்து மெல்ல ஒரு இழை இழுத்தார்.

மஸ்தான் கழுத்தைத் திருப்பினார். ஒரு பார்வை.

குஞ்சிதபாதம் வாயை மூடிக்கொண்டார். காது சுட்டது. பாட்டு போய்க்கொண்டே இருந்தது. தோள் மரத்துப்போச்சு. விரல் மட்டும் போய் வந்தது.

முடிந்ததும் மஸ்தான் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "தாயிரா சபூர். தாயிரா மீரான். ரெண்டு பேரும் இன்னிக்குக் கொன்னுட்டாங்க."

சர்க்கரைத் தட்டு சபூரிடம் போனது. மீரானிடம் போனது. குஞ்சிதபாதத்தின் முழங்காலை உரசிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டது.

"பாவா, நானும்தானே…"

"அட, நீங்களும் இருந்தீங்களா?"

கூட்டம் கலைந்தது. கடல்காற்றில் தாள் படபடத்தது. குஞ்சிதபாதம் தம்பூராவைக் கீழே சாய்த்து வைத்தார்.

"அவ ஒருதடவை பாடினா, பாவா."

"எப்போ?"

"முதல் வருஷம். மாயவரத்துலே. மேல் ஸ்தாயியிலே ஒரு இடத்துலே, எனக்குப் பின்னாடியிருந்து, மெதுவாச் சேர்ந்தா. நல்லாத்தான் இருந்துச்சு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"திரும்பிப் பார்த்தேன்."

மஸ்தான் தம்பூராவை இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் கொடுத்தார். எழுதின தாளைக் குஞ்சிதபாதமும் கேட்கவில்லை, மஸ்தானும் எடுத்துத் தரவில்லை.

மறுநாள் காலை. அபயாம்பாள் வீட்டு வாசலில் குஞ்சிதபாதம் தானே போய் நின்றார்.

"வாங்கண்ணே. பால் வெச்சிருக்கேன், காப்பி போடுறேன்," என்றாள் தங்கச்சி, நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

"அப்புறம் போடலாம். இப்படி வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் உறையைக் கழற்றிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனார்.

"அங்கே ஏன் போறீங்க? சுவர் ஈரம்ணே."

"இருக்கட்டும். உன் சுருதி எத்தனை கட்டை?"

"எனக்கு ஏதுண்ணே சுருதி?"

அவராக ஒன்றை வைத்தார். நாலு தந்தியும் சேர்ந்தன.

"பாடு, அபயம்."

அவள் முதுகு அசையவில்லை.

"ஒரு பாட்டு இருந்துச்சுண்ணே," என்றாள். "தண்ணி இறைக்கிறப்போ மனசுக்குள்ளேயே பாடுவேன். என்னிக்காவது கூப்பிடுவீங்கன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

"அதைத்தான் பாடேன்."

"எதுன்னு மறந்துபோச்சுண்ணே."

அவர் விரல் நின்றது.

"நிறுத்தாதீங்க," என்றாள் அவள். "வருதான்னு பாப்போம்."

அவர் மீட்டினார். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.