புல் தின்னும் தொட்டி

"இன்னும் எவ்வளவுதான் போடுறது?" என்று கேட்டார் அருள்வரதன்.

நகராட்சிப் பொறியாளர். ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. ஊர்ப் பூங்காக்களில் வெட்டுகிற புல்லெல்லாம் குப்பைமேட்டில் கிடந்து புகைவதைப் பொறுக்காமல், கெஞ்சிக் கூத்தாடி ஒரு எரிவாயுத் தொட்டி கட்டியிருந்தார். புல்லிலிருந்து வரும் வாயுவில் தூய்மைப் பணியாளர்களின் சமையற்கூடத்து அடுப்பு எரிய வேண்டும்.

அறுபது நாளாகியும் எரியவில்லை. இன்னும் பத்து நாள் பார்த்துவிட்டுத் தொட்டியை இடிக்கச் சொல்லிவிட்டார் ஆணையர்.

அதனால்தான் பக்கத்து ஊர்ப் பால்பண்ணையில் சாண எரிவாயுவைப் பார்த்துக்கொள்ளும் ஜரினாவைத் தேடி வந்திருந்தார். அவளுக்கு அவர் மகள் வயது.

"நீங்கதான் எனக்கு குரு," என்றார்.

ஜரினா சிரித்துவிட்டுத் தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினாள். தொட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். அஜீரண ஏப்பம் போலப் புளித்த வாடை.

"தினம் எவ்வளவு புல் போடுறீங்க?"

"முதல்ல நாலு கூடை. வாயு வரலையேன்னு எட்டு. இப்ப பதினாறு."

மூடியைச் சாத்திப் பூட்டினாள். சாவியோடு போய் ஸ்கூட்டரில் ஏறினாள்.

"ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

"ஒன்பது நாள் கழிச்சு வர்றேன் சார்."

மூன்றாம் நாள் போன் செய்தார்.

"ஒரு கூடை மட்டும் போடட்டுமா?"

"வேண்டாம்."

ஐந்தாம் நாள்.

"அரைக் கூடை?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

ஏழாம் நாள் அவர் போன் செய்யவில்லை. தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே எங்கோ ஒரு குமிழி உடைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார்.

இன்னொன்று.

ஒன்பதாம் நாள் காலை ஜரினா வந்து நிற்க, சமையற்காரி செல்லக்கிளி தீக்குச்சி கிழித்தாள். அடுப்பில் நீலமாய் எழுந்தது தீ. தூய்மைப் பணிப் பெண்கள் குலவையிட்டார்கள். ஆணையரே முதல் டீயைக் குடித்தார்.

அருள்வரதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப் போய்க் கூடை நிறையப் புல்லை அள்ளி வந்தார்.

ஜரினா பூட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

கூடையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். தொட்டியைப் பார்த்தார். ஜரினாவைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு பரவ, முக்கால் கூடையைத் தரையில் கொட்டினார்.

"ஏன் சார் கொட்டிட்டீங்க?" என்றாள் செல்லக்கிளி.

"நாளைக்கும் அதுக்குப் பசிக்கணும்ல?"