மாவுக் கப்பலும் இரும்புப் பூதமும்

முன்னொரு காலத்திலே இல்லை, பின்னொரு காலத்திலே. நம்முடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கெல்லாம் பல் விழுந்து, முளைத்து, மறுபடியும் விழுந்த பிறகு, ஒரே வானத்தில் இரண்டு நிலாக்கள் இருந்தன. சிவப்பாக இருந்தது பவழநிலா. வெள்ளையாக இருந்தது முத்துநிலா.

இரண்டும் சண்டை போட்டன. எதற்குத் தெரியுமா? ஒருநாள் பவழநிலாவின் நிழல் முத்துநிலாவின் மேல் விழுந்தது. "என் நிழல் விழுந்த இடமெல்லாம் எனக்குத்தான் சொந்தம்" என்றார் பவழ ராஜா. "அப்படியானால் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள்" என்றாள் முத்து ராணி. அவ்வளவுதான். ஏழு வருஷம் வானமெல்லாம் டமால், டுமீல்.

முத்துநிலாவில் ஒரு வழக்கம் உண்டு. யாரிடம் பேசினாலும் முதலில் சாப்பிட்டாச்சா என்று கேட்க வேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம். அங்கே திருடன்கூட சன்னல் வழியாக இறங்கியதும், "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் அண்டாவைத் தூக்குவான். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சாப்பிட்டியாப்பா? சரி, ஆறு மாசம் உள்ள போ" என்பார்.

அந்த நிலாவில் அஞ்சுகம் என்றொரு பெண் இருந்தாள். எந்தக் குரலை ஒருமுறை கேட்டாலும் அப்படியே பேசுவாள். அவள் ராணி மாதிரித் தும்மினால் சேவகர்கள் மூன்று பேர் கைக்குட்டையோடு ஓடிவருவார்கள். சமையல்காரர் மாதிரிக் கத்தினால் அரண்மனைப் பூனை பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடும். இப்படிப்பட்டவளைச் சும்மா விடுவார்களா? போர் நடந்தபோது வானொலி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எதிர்ப்பக்கம் தளபதி இரும்புமீசையார். காலிப் பீப்பாயில் கருங்கல்லைப் போட்டு உருட்டினால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், அதுதான் அவர் குரல். அவர் படையில் வழுதி என்று ஒரு விமானி. பறக்கிற ஊசியின் காதில் குறிவைத்து அடிப்பான். "போ, முத்துநிலா ஊர்களை ஒவ்வொன்றாக எரி" என்று வானொலியில் அவனை ஏவினார் தளபதி. அதை அஞ்சுகமும் கேட்டாள்.

அவன் கப்பல் முதல் ஊரை நெருங்கியது. அஞ்சுகம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒலிவாங்கியை வாயருகே இழுத்தாள். பீப்பாயில் கருங்கல் உருண்டது.

"டேய் வழுதி. சாப்பிட்டியா? சரி, வண்டியைத் திருப்பு. எங்க வீட்டு முருங்கை மரம் வாடுது, போய்த் தண்ணி ஊத்து. சொன்னதைச் செய், கேள்வி கேக்காதே."

அந்தப் பக்கம் வானொலி ஒருமுறை கரகரத்தது. பிறகு, "ஆகட்டும் தளபதி" என்றது ஒரு குரல். கப்பல் திரும்பியது.

இரண்டாவது தடவையும் வந்தான். "டேய் வழுதி. சாப்பிட்டியா? சரி, அந்த மொட்டைப் பாறையில போய்க் கொடி ஏத்தி வணக்கம் வை. சொன்னதைச் செய், கேள்வி கேக்காதே." ஆகட்டும் தளபதி. கப்பல் திரும்பியது.

மூன்றாவது தடவை வந்தான். "டேய் வழுதி. சாப்பிட்டியா? சரி, இன்னைக்கு என் மீசைக்குப் பொறந்தநாள். படைக்கே லீவு. வீட்டுக்குப் போய்ப் படு. சொன்னதைச் செய், கேள்வி கேக்காதே." ஆகட்டும் தளபதி என்று அவன் சொல்லி முடிக்கும் முன்பே கப்பல் பாதி திரும்பிவிட்டது.

விஷயம் தளபதிக்குத் தெரிந்தபோது வழுதியின் பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார். "முருங்கைக்காய், முருங்கைக்காய்" என்று படையே அவனைக் கேலி செய்தது. அந்தக் குரல் யாருடையது என்று மட்டும் பவழநிலாவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஏழாம் வருஷம் சூரியன் கொஞ்சம் தள்ளிப் போனது. முத்துநிலாவின் நிழல் நீளமாக வந்து பவழ அரண்மனையின் மேல் படுத்தது. ராஜா நிழலைப் பார்த்தார். தன் சட்டத்தை நினைத்துப் பார்த்தார். அன்று மத்தியானமே சமாதானம்.

சமாதானச் சட்டம் என்ன சொன்னது? இனி ஒவ்வொரு கப்பலிலும் இந்த நிலாவிலிருந்து ஒருவர், அந்த நிலாவிலிருந்து ஒருவர் சேர்ந்துதான் போக வேண்டும். பவழநிலாவில் கடுங்குளிர், இட்லிமாவு எவ்வளவு நேரமானாலும் பொங்காது. ஆகவே முத்துநிலாவில் பொங்கிய மாவைக் கொண்டுபோக ஒரு கப்பல் விட்டார்கள். பதக்கம் போன வழுதிக்கு அந்தக் கப்பலை ஓட்டும் வேலை. வானொலிக்கும் மாவுக்கும் காவல் யார்? அஞ்சுகம்.

அவன் பெயரைக் கேட்டதுமே அவளுக்குத் திக்கென்றது.

"சாப்பிட்டாச்சா?" என்றாள், வழக்கப்படி.

"ம்" என்றான் அவன். பவழக்காரர்கள் அவ்வளவுதான் பேசுவார்கள்.

"பவழத்தாரே, கொஞ்சம் மெதுவாத் திருப்புங்க. மாவு பொங்குது."

"அம்மணி, நீங்க பேசுறதை நிறுத்துங்க. அதான் பொங்குது."

இப்படிச் சண்டை போட்டே போனார்கள், வந்தார்கள். அவள் காக்கா மாதிரி கத்தினாள், ராணி மாதிரி தும்மினாள், சமையல்காரர் மாதிரி திட்டினாள். அவன் சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றான். நாளாக நாளாக அவன் வளைவுகளில் மெதுவாகத் திருப்பினான். அவள் அவன் பங்குத் துவையலில் கூடுதலாக எண்ணெய் விட்டாள். ஒரேயொரு குரலை மட்டும் அவள் பேசவே இல்லை. எது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒருநாள் வழுதி சொன்னான்: "தளபதி மாதிரி பேசி என்னைச் சுத்தவிட்ட ஆளை நான் இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

அஞ்சுகம் அண்டாவை வேகவேகமாகக் கிளறினாள். "கண்டுபிடிச்சா என்ன செய்வீங்க?"

"ஒரு கேள்வி கேக்கணும்."

என்ன கேள்வி என்று அவள் கேட்கவில்லை. அவன் முகத்தில் மறுபடியும் எதிரியைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

இப்போது பூதத்துக்கு வருவோம். போரின் கடைசியில் இரும்புமீசையார் ஒரு மந்திரவாதியைப் பிடித்து இரும்பில் ஒரு பூதம் செய்யச் சொல்லியிருந்தார். மலையளவு உருண்டை, மூன்று சிவப்புக் கண்கள், மூன்று காதுகள். மந்திரவாதி அதன் வயிற்றில் எதையோ வைத்து மூடினான். என்ன அது என்று யாரும் கேட்கவில்லை. தளபதியின் குரலுக்கு மட்டுமே அது கட்டுப்படும். சமாதானம் ஆனதும், "தூங்கு" என்று அவர் ஒரு அதட்டல் போட, நடுவானில் கண்ணை மூடிக்கொண்டது.

அதன் தலையில் ஒருநாள் வால்நட்சத்திரக் கல் ஒன்று ணங்கென்று விழுந்தது. பூதம் விழித்துக்கொண்டது.

"உருள்வேன், பிளப்பேன், விழுங்குவேன். முத்துநிலா எங்கே?"

தளபதி வானொலிக்கு ஓடினார். ஆனால் பாவம், சமாதான விருந்தில் மூன்று நாள் விடாமல் பாடியதில் போன அவர் தொண்டை அப்புறம் திரும்பவே இல்லை. "கீச். நில் பூதமே. கீச், கீச்."

"எலி சொன்னால் நான் ஏன் நிற்க வேண்டும்?" என்றது பூதம். "உருள்வேன், பிளப்பேன், விழுங்குவேன்."

அதன் வழியில் இருந்தது ஒரே ஒரு கப்பல். மாவுக் கப்பல். முன்னால் பூதம், பின்னால் முத்துநிலா, அங்கே அஞ்சுகத்தின் அப்பா, அம்மா, தெரு, பள்ளிக்கூடம், எல்லாம். பக்கத்தில் வழுதி. வாயைத் திறந்தால் ஊர் பிழைக்கும், வழுதி போய்விடுவான். திறக்காவிட்டால் ஊரே போய்விடும்.

அவள் அவனைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டு ஒலிவாங்கியை எடுத்தாள். பீப்பாயில் கருங்கல் உருண்டது.

"நில்லுடா பூதமே."

பூதம் நின்றது. ஒரு கண் மூடியது. "எஜமானே."

"சொன்னதைச் செய், கேள்வி கேக்காதே." இரண்டாவது கண்ணும் மூடியது. "சாப்பிட்டியா? சரி, திரும்பிப் போய்த்..."

மூன்றாவது கண் மூடவில்லை. மூடியிருந்த இரண்டும் படக் படக்கென்று திறந்தன.

"என் எஜமான் ஒருநாளும் அப்படிக் கேட்கமாட்டார். நீ என் எஜமான் இல்லை. உருள்வேன், பிளப்பேன்..."

அஞ்சுகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம், எந்தக் குரலில் பேசினாலும் விடவில்லையே. அப்போது வழுதி எட்டி அவள் கையோடு சேர்த்து ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"பூதமே, அது தளபதி இல்லைதான். ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு. சாப்பிட்டியா, இல்லையா?"

பூதம் உருள்வதை நிறுத்தியது.

"இல்லை" என்றது பூதம். குரல் சின்னதாகிவிட்டது. "சாப்பிட்டதே இல்லை. மந்திரவாதி என் வயிற்றில் பசியைத்தான் வைத்து மூடினான். அதுதான் உள்ளே எரிகிறது. அதுதான் என்னை உருட்டுகிறது. யாருமே கேட்டதில்லை."

"அடப் பாவமே" என்றாள் அஞ்சுகம், இப்போது தன் சொந்தக் குரலில். "வாயைத் திற."

அண்டா அண்டாவாக மாவு போனது. வழுதி கப்பலைச் சாய்த்துப் பிடித்தான், அவள் கவிழ்த்தாள். பூதத்தின் வயிற்றுச் சூட்டில் மாவு வெந்தது, பொங்கியது, உப்பியது. மூன்று காதிலும் ஆவி வந்தது.

"இன்னும் இருக்கா?"

இன்னும் ஊற்றினார்கள்.

"சட்னி?"

வழுதியின் பங்குத் துவையலும் போனது. பூதம் ஒரு ஏப்பம் விட்டது. அந்த ஏப்பத்தோடு மந்திரம் பொலபொலவென்று உதிர்ந்தது. சிவந்திருந்த கண்கள் மூன்றும் விளக்குச் சுடர் மாதிரி மஞ்சளாயின. "இனி உருளமாட்டேன்" என்றது பூதம். "வேண்டுமானால் இட்லி அவித்துத் தருகிறேன்."

ஊர் பிழைத்தது. அஞ்சுகம் காலி அண்டாவின் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அது" என்றாள். "உங்க பதக்கம், பேரு, எல்லாம் என்னாலதான் போச்சு. திட்டுறதுன்னா திட்டுங்க."

"தெரியும்" என்றான் வழுதி.

"இப்பதானே தெரிஞ்சது?"

"நீன்னு இப்பதான். ஆனா அது தளபதி இல்லைன்னு முதல் தடவையே சந்தேகம். எங்க தளபதியாவது, சாப்பிட்டியான்னு கேக்கிறதாவது. ரெண்டாவது தடவை நிச்சயம், இது முத்துநிலாக் குரல்னு. மூணாவது தடவை வானொலியைப் பெருசா வச்சிட்டு நானே காத்துக்கிட்டிருந்தேன்."

அவள் நிமிர்ந்தாள். "தெரிஞ்சேவா திரும்பிப் போனீங்க?"

"கீழ ஒரு ஊர் இருந்தது. எரிக்க மனசில்ல, திரும்ப ஒரு சாக்கு வேணும். நீ குடுத்த. அந்தப் போர்ல என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டது எதிரி ஒருத்திதான்." வயிற்றைத் தடவிக்கொண்டான். "ஆனா பதில் கேக்காமலே முருங்கை மரத்துக்கு அனுப்பிட்ட. மூணு தடவையும் நான் சாப்பிடல."

அஞ்சுகத்துக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "அந்தக் கேள்வி? என்னமோ கேக்கணும்னீங்களே?"

வழுதி தொண்டையைச் செருமினான். தளபதி மாதிரி பேசிப் பார்த்தான், ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது. விட்டுவிட்டுத் தன் குரலிலேயே கேட்டான்.

"நீ சாப்பிட்டியா?"

எல்லோரையும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள், காலி அண்டாவைப் பார்த்தாள். "இல்ல" என்றாள். பூதம் சூடாக இரண்டு நீட்டியது.

அவர்கள் கல்யாணம் இரண்டு நிலாக்களுக்கும் நடுவில் நடந்தது. பதக்கங்கள் திரும்பி வந்தன. வழுதி அவற்றை மாவு அண்டாவில் தொங்கவிட்டான், கிளறும்போது கிணுகிணு என்று கேட்கும். ராஜாவும் ராணியும் ஒரே நிழலில் உட்கார்ந்தார்கள். பூதம் மூன்று காதிலும் ஆவி பறக்கப் பந்தி முழுக்க அவித்துப் போட்டது. இரும்புமீசையார் எழுந்து வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தார். கீச். பக்கத்தில் நின்று அஞ்சுகம் தன் தொண்டையை அவருக்குக் கடன் கொடுத்தாள். பீப்பாயில் கருங்கல் உருண்டது.

"எல்லாரும் சாப்பிட்டீங்களா?"

இரண்டு நிலாக்களும் ஒரே குரலில் "சாப்பிட்டோம்" என்றன. அவர்கள் வயிறு நிறைந்தது, என் கதையும் நிறைந்தது. நீங்கள்?