செண்பா கடிச்ச கடி

கண்ண மூடிக்கிட்டே கேளு. ஆனா "ம்" கொட்டணும். கொட்டலேன்னா நீ தூங்கிட்டேன்னு அத்தை பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். சரியா?

ஒரு ஊர்ல ஒரு கடலைமிட்டாய்க்காரரு. கோவில்பட்டிப் பக்கம். பேரு வேல்மயிலு. பாகு காய்ச்சி, கடலையைக் கொட்டி, பலகையில தேய்ச்சு, சூடு ஆறுறதுக்குள்ள சரக் சரக்னு துண்டு போடுவாரு. அவருக்கு ஒரே மக, செண்பகவல்லி. ஏழு வயசு. எல்லாரும் செண்பான்னுதான் கூப்பிடுவாங்க. அவ அம்மா பேச்சியம்மா, திருப்பூர்ல பனியன் கம்பெனியில தைக்கிறவங்க. அங்கேயே ஹாஸ்டல்ல தங்கி, ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான் வருவாங்க. அதனால வீட்டுல அப்பாவும் மகளும் மட்டுந்தான்.

அப்புறம் ஒருநாள் சாப்பிடும்போது வேல்மயிலு பாக்குறாரு, புள்ள சோத்த ஒரு பக்கமாவே ஒதுக்கி ஒதுக்கி முழுங்குது. "வாயத் திற தாயி"ன்னாரு. திறந்தா, இடது பக்கம் கீழ, கடவாப்பல்லுல கறுப்பா ஒரு குழி. அன்னைக்கே புள்ளயத் தூக்கிக்கிட்டு பல்லு டாக்டர்கிட்ட ஓடியாந்தாரு.

ம் சொல்லு. ம்... சரி.

அப்போ நான் அந்தப் பல்லு டாக்டர் ரெஜினாகிட்டதான் கை உதவிக்கு நின்னேன். அதான் எனக்கு இந்தக் கதை தெரியும். வேல்மயிலு வந்ததும் வராததுமா, "டாக்டரம்மா, நான் போட்ட மிட்டாய்தான் எம்புள்ள பல்லத் தின்னுருச்சு"ன்னாரு. கண்ணு கலங்கிப் போச்சு. டாக்டர் சமாதானமெல்லாம் சொல்லல. "மிட்டாயும் ஒரு காரணந்தான்ணே. இனி இந்தப் பல்லக் காப்பாத்துவோம். பால்பல்லுதான், ஆனாலும் பதினோரு வயசு வரைக்கும் இது இருக்கணும். முன்னாலயே புடுங்கிட்டா பக்கத்துப் பல்லு சாஞ்சு எடத்தப் புடிச்சுக்கும், அடியில வளருற பெரிய பல்லுக்கு வழி இருக்காது"ன்னாங்க.

செண்பா பயந்து போயி வாயை இறுக்கி மூடிக்கிட்டா. ரொம்ப நேரம் திறக்க மாட்டா. அதனால டாக்டர் சீக்கிரமா வைக்கிற மருந்தா எடுத்தாங்க. பொடியையும் தண்ணி மாதிரி ஒண்ணையும் சேத்து, நான் கொழகொழன்னு கொழச்சுக் கொடுத்தேன். டாக்டர் குழிய அடைச்சாங்க. அப்புறம் நீலமா ஒரு சின்னக் காயிதத்தப் பல்லு நடுவுல வச்சு, "கடி கண்ணு"ன்னாங்க. டக், டக். கடி எங்க அதிகமா விழுதோ அங்க நீலப் புள்ளி விழும். அந்த மேட்ட விர்ர்ர்ருன்னு இழைச்சு விட்டாங்க.

மூணே வாரம். களுக்குன்னு பாதி பேந்துருச்சு! அந்த மருந்து பல்லோட நல்லா ஒட்டும், ஆனா அவ்வளவு பெரிய குழியில ஓங்கிக் கடிச்சா தாங்காது. செண்பா என்ன பண்ணினா தெரியுமா? பேந்த துண்ட பென்சில் டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சுட்டா. யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பல்லப் புடுங்கிருவாங்கன்னு பயம். பள்ளிக்கூடத்துல டீச்சர் டப்பாவத் திறந்து பாத்துதான் அப்பாவுக்குத் தெரிஞ்சுது.

ம்... ஆமா, பாவம்தான்.

ரெண்டாந்தடவ டாக்டர் கெட்டியான மருந்தா வச்சாங்க. பல்லு நிறத்துலயே இருக்கும். ஈரம் பட்டா ஒட்டாது, எச்சில் ஒரு சொட்டு படக்கூடாது. நான் பஞ்ச மாத்தி மாத்தி வச்சேன். நீல வெளிச்சம் காட்டுனதும் கல்லு மாதிரி ஆயிருச்சு. மறுபடியும் காயிதம், டக், டக். "இனிமே பயமில்ல"ன்னு நான் கூடச் சொல்லிட்டேன்.

ரெண்டு மாசம் நின்னுச்சு. அப்புறம் ஒருநாள் இட்லி சாப்பிடும்போது... இட்லி, கேட்டியா, மிட்டாய் கூட இல்ல... பட்டுனு ஒரு சத்தம். மருந்து அப்படியே இருக்கு. பக்கத்துல மெல்லிசா நின்ன பல்லுச் சுவரு உடைஞ்சு போச்சு!

வேல்மயிலு மறுபடியும் புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்தாரு. "புடுங்கிருங்க டாக்டரம்மா. புள்ளய இதுக்கு மேல படுத்த வேணாம்."

டாக்டர் மொதல்ல எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்தாங்க. வேரு நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் லைட்ட இழுத்து, மத்த பல்லையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தாங்க. எல்லாம் மேல மழமழன்னு தேஞ்சு கிடக்கு. "அண்ணே, இவ தூக்கத்துல பல்ல நறநறங்குறாளா?"

"ஆமா டாக்டரம்மா. அவ அம்மா திருப்பூர் போன நாள்லருந்து. வயித்துல பூச்சி இருக்கும்னு நினைச்சேன்."

"ஏன் வருதுன்னு என்னால அறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பகல்ல கடிக்கிறதோட, தூக்கத்துலயும் எவ்வளவு நேரம் அந்த ஒரு பல்லு மேல பாரம் விழுது பாருங்க. குழிய மட்டும் அடைச்சாப் பத்தாது. பல்ல முழுசா மூடணும், அப்பதான் பாரம் எல்லாப் பக்கமும் பரவும்."

ஒரு டப்பாவுலருந்து குட்டியா ஒரு ஸ்டீல் தொப்பி எடுத்தாங்க. நிஜமாவே பல்லு அளவுதான். செண்பா எட்டிப் பாத்தா. "ஊசி போடுவீங்களா?"

"ஊசி இல்ல. மெஷினும் இல்ல. நீதான் மாட்டப் போற."

"நானா?"

"ஆமா. ஒன் கடிய விட பலமான கடிய நான் பாத்ததே இல்ல. அதுதான் எனக்கு இப்போ வேணும்."

நான் தொப்பிக்குள்ள பசை நிரப்பிக் குடுத்தேன். டாக்டர் பல்லு மேல வச்சு அமுக்குனாங்க. மேல பஞ்சு. "இப்போ கடி செண்பா! கடி! இன்னும்!" செண்பா எங்கையப் புடிச்சுக்கிட்டு, கண்ண இறுக்கி மூடி, பல்லக் கடிச்சா பாரு! கழுத்து நரம்பு தெரியுது, நெத்தி வேர்க்குது. துணி கிளிப் மாதிரி எங்கையில அவ நகம். தொப்பி டுக்குனு எறங்கி உக்காந்துருச்சு. டாக்டர் கையெடுத்துட்டாங்க, இவ விடல. "போதும் கண்ணு, போதும்." அப்பவும் விடல. மூணு மாசமா கடிக்கவே பயந்து பல்லப் பொத்திப் பொத்தி வச்சிருந்த புள்ள இல்லியா.

ம்? ... ம்.

தொப்பி போட்டதுல மொத சில நாளு அந்தப் பல்லு மட்டும் கொஞ்சம் ஒசந்து நின்னுச்சு, மத்த பல்லு ஒண்ணோட ஒண்ணு சேரல. கஞ்சியும் தயிர்ச்சோறுமா ஓட்டுனா. ரெண்டு வாரம் கழிச்சு காமிக்க வந்தப்போ ரெண்டு பக்கமும் சமமாச் சேந்துருச்சு. "இனி எல்லாம் சாப்பிடலாம். ஒட்டுற மிட்டாய் மட்டும் வேணாம்"னாங்க டாக்டர். வேல்மயிலு சட்டைப் பையிலருந்து ஒரு பொட்டலம் பொரிகடலை எடுத்தாரு.

செண்பா திங்கல. "அம்மாவுக்கு போன் போடுப்பா"ன்னா.

அங்க கம்பெனியில சாப்பாட்டு நேரம். பேச்சியம்மா வீடியோவுல வந்தாங்க. செண்பா வாய ஆன்னு திறந்து தொப்பியக் காட்டுனா. அப்புறம் ஒரு கை பொரிகடலைய வாயில போட்டு, இடது பக்கமாவே மென்னா. மொறுக், மொறுக், மொறுக். பேச்சியம்மா பக்கத்துல அவங்க தூக்குச்சட்டி திறக்காமலே கிடக்கு. இங்க புள்ள மெல்லுறத அப்படியே பாத்துக்கிட்டே இருக்காங்க. கம்பெனியில பெல்லு அடிச்சுது. அடிச்சும் எந்திரிக்கல.

"இன்னொரு கை போடு தாயி"ன்னாங்க. "அம்மா பாக்கட்டும்."

ம் சொல்லு...

சரி, சத்தத்தக் காணோம். நான் கதையை மடிச்சு வச்சுட்டேன், நீ தூங்கு கண்ணு.