கீழத்தெரு முனையில் திரும்பும் தேர்

மதலைமுத்து பதினெட்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். மனைவி இறந்த பிறகு சாமியாருக்குப் படிக்க வந்து, அடுத்த மாதம் குருப்பட்டம் வாங்க இருந்தார். அவருக்குக் குருவாக வாய்த்த பங்குச் சாமி ரெமிஜியுஸ், அவரைவிடப் பத்து வயது இளையவர்.

அன்று ஆரோக்கியநாதர் திருநாள். பொழுது சாயும் நேரம், தேருக்குப் பூ கட்டி முடித்துவிட்டார்கள். மதலைமுத்து காது சிவக்கப் பங்குச் சாமியின் அறைக்குள் வந்தார்.

“சாமி, ஜனவரியில செபஸ்தியார், மார்ச்சுல சூசையப்பர், ஜூன்ல அந்தோணியார், இன்னைக்கு ஆரோக்கியநாதர். எந்தப் புனிதர் ஏறினாலும் தேர் கீழத்தெரு முனையோட திரும்பிடுது. அந்த ஜனங்க மெழுகுவத்தியோட நின்னு தேரோட முதுகைப் பாத்துட்டுப் போறாங்க. நீங்களும் மந்திரிச்சு அனுப்பி வைக்கிறீங்க.”

ரெமிஜியுஸ் சாமி மறுக்கவில்லை.

கீழத்தெருக்காரர்கள் தேர் போகும் பாதையில் பள்ளம் மூடலாம். பந்தலுக்குக் கால் நடலாம். தேர் மட்டும் அவர்கள் வாசலுக்கு வராது. ஞானஸ்நானத் தண்ணீரில் எல்லாம் கழுவிப் போகும் என்று பிரசங்கம் வைப்பார்கள். இந்த ஊரில் சாதி மட்டும் நனையவே இல்லை.

“வயிறு எரியுது சாமி. இந்தக் கோபத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது?”

“தீர்த்த வாளியைத் தூக்குங்க பிரதர்.”

சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் அந்த ஊரில் ஒருவரும் தேர் வடத்தைத் தொடமாட்டார்கள். வாளியைக் கண்டதும் எல்லோரும் வடத்தருகே போய் நின்றார்கள். சாமியோ தேரைத் திரும்பியும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்தார். மதலைமுத்து வாளியோடு பின்னால் ஓடினார். இருவரும் கீழத்தெரு நடுவில் போய்த்தான் நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஊர்த்தலைவர் எஸ்தாக்கி நாலு பேரோடு வந்தார். தெருவுக்குள் கால் வைக்காமல் முனையிலேயே நின்றுகொண்டார்.

“சாமி, நேரமாச்சு. வந்து மந்திரிங்க.”

“தேரை இங்க கொண்டு வாங்க. மந்திரிக்கிறேன்.”

“அது வழக்கம் இல்லையே சாமி.”

“அப்ப தேர் அங்கேயே நிக்கட்டும்.”

எஸ்தாக்கிக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் ஆள் கெட்டிக்காரர். சாமியை விட்டுவிட்டு மதலைமுத்துவைப் பார்த்தார்.

“பிரதர், உங்களுக்கு அடுத்த மாசம் பட்டம். உங்களைப் பத்தி இந்த ஊரு நல்ல வார்த்தை சொன்னாத்தான் ஆயர் பட்டம் குடுப்பாரு. பாத்து நடந்துக்குங்க.”

 மதலைமுத்துவின் காதில் இருந்த சிவப்பு போன இடம் தெரியவில்லை. தன்மேலேயே எரிச்சல் வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக வந்தது. சாமி பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“சாமி, ஒரேயடியா முறிச்சுக்க வேணாம். இந்தத் திருநாள் போகட்டும். டிசம்பர்ல சவேரியார் திருநாள் வருதில்ல? அதுக்குள்ள பேசிச் சரிபண்ணிடலாம்.”

ரெமிஜியுஸ் சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் அத்தனை கோபத்தை மதலைமுத்து அதுவரை கண்டதில்லை.

எதிர்வீட்டு வாசலில் மரியபுஷ்பம் என்கிற கிழவி நின்றிருந்தாள். கையில் மெழுகுவத்தி. தேர் வரப்போகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது, வாசலில் தண்ணீர் தெளித்து, பேரப்பிள்ளைகளுக்குத் தலை சீவி வரிசையாக நிறுத்தியிருந்தாள். மெழுகு உருகி விரலில் வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி பிரதர். அந்த அம்மாகிட்ட போய், சவேரியார் திருநாளுக்குப் பாத்துக்கலாம்னு நீங்களே சொல்லிட்டு வாங்க. அடுத்த நிமிஷம் நான் போய்த் தேரை மந்திரிக்கிறேன்.”

மதலைமுத்து வாளியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.