ஐம்பத்து மூன்றாவது சனிக்கிழமை

வறளியூரில் மழை பெய்வது அபூர்வம். அதனால்தான் அங்கே குடைக் கம்பெனி வைத்தார்கள். தைத்த குடை நனையாமல் இருக்க இதைவிடத் தோதான ஊர் கிடைக்குமா என்று முதலாளி தெய்வநாயகம் கேட்டபோது ஊரே தலையாட்டியது. வறளியூர்க்காரர்கள் தலையைப் பெரும்பாலும் அதற்குத்தான் வைத்திருந்தார்கள்.

அந்தக் கம்பெனியில் கணக்கு எழுதியவன் மாசிலாமணி. ஊரிலேயே ஒழுங்காக எண்ணத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று பேச்சு. அந்தப் பேச்சை முதலில் கிளப்பியவனும் அவன்தான். சனிக்கிழமை சாயங்காலமானால் வாசலில் மேஜையைப் போட்டு ஆட்களுக்கு வாரச் சம்பளம் எண்ணிக் கொடுப்பான். கொடுக்கும்போதே சர்க்காருக்கு உரிய வருமான வரியைப் பிடித்துக்கொள்வான்.

அந்தச் சீமையில் வரிச் சட்டம் ரொம்ப எளிது. ஒவ்வொரு வாரச் சம்பளத்திலும் முதல் நூறு ரூபாய்க்கு வரி கிடையாது. மிச்சத்தில் பத்துக்கு ஒரு ரூபாய் வரி. வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம், ஆக ஐம்பத்திரண்டு தடவை அந்தச் சலுகை. "சம்பளம்னு வந்தா நூறைத் தள்ளு, மிச்சத்துல பிடி" என்று எந்தக் காலத்திலோ ஒரு அதிகாரி மாசிலாமணிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாததை மாசிலாமணி செய்ததே இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு வருஷம் சனிக்கிழமையன்று பிறந்தது, சனிக்கிழமையன்றே முடிந்தது. அதனால் அந்த வருஷத்தில் சம்பளத் தேதி ஐம்பத்து மூன்று தடவை வந்துவிட்டது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியும் மாசிலாமணி மேஜையைப் போட்டான், நூறைத் தள்ளினான், மிச்சத்தில் பிடித்தான். ஆட்கள் ஆளுக்கு அரைக் கிலோ கறி வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள்.

பொங்கல் கழிந்ததும் வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒரு வாரத்துச் சலுகையைக் கூடுதலாகத் தள்ளிவிட்டீர்கள், ஆகவே ஆளுக்குப் பத்து ரூபாய் வரி பாக்கி என்று அதில் எழுதியிருந்தது.

வெறும் பத்து ரூபாய். ஒரு டீக் காசு. கட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் மாசிலாமணிக்கு அப்போது பெண் பேசியிருந்தார்கள். பெண் பவளக்கொடி. அவள் அப்பா ரத்தினவேலு கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பாக்கிக்காரர்களின் அண்டா குண்டாவை ஜப்தி செய்தே தலை நரைத்தவர். நோட்டீஸ் விஷயம் காதில் விழுந்ததும் அவர் மாசிலாமணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இந்தா பாருங்க மாப்ள. பாக்கின்னு பேர் வாங்கின வீட்டுக்கு எம்பொண்ணை அனுப்ப மாட்டேன். எம்மேல பாக்கி இல்லன்னு வந்து சொல்லுங்க, நாள் குறிப்போம். இல்லன்னா வேற எடம் பார்க்கிறேன்."

பவளக்கொடியை மாசிலாமணிக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு வரி ஆபீசுக்குக் கிளம்பியும் விட்டான். பாதி வழியில் அவன் மூளை குறுக்கே விழுந்து மறித்தது. கட்டினால் பாக்கி இருந்தது என்று ஒப்புக்கொண்டது போல ஆகிவிடாதா? எண்ணத் தெரியாதவன் என்று ஊர் சொல்லாதா? பேசாமல் கம்பெனிக்குத் திரும்பி ஆட்களைக் கூட்டி வைத்து யோசனை கேட்டான்.

"மொதல்ல ஒண்ணு தெரியணும்" என்றான் துணி தைக்கும் ஆதிமூலம். "இந்தக் கூடுதல் சனிக்கிழமையக் கொண்டாந்தது யாரு?"

"சத்தியமா நான் இல்ல" என்றான் கம்பி வளைக்கும் குப்பண்ணன் அவசரமாக. "அன்னிக்கு நான் லேட்டு. நான் வர்றதுக்கு முன்னாடியே சனிக்கிழமை இங்க வந்து கெடந்துச்சு."

அதற்குச் சாட்சிகள் இருந்ததால் அவனை விட்டுவிட்டார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் சுவரில் தொங்கிய பழைய தினசரிக் காலண்டரில் போய் நின்றது. அட்டையில் டிசம்பர் முப்பத்தொன்று மட்டும் கிழிக்கப்படாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டதில் எல்லோருக்கும் நிம்மதி. தாளை அலுங்காமல் பிரித்து, காலண்டர் விற்ற மைதீன் பாய் கடைக்கு எடுத்துப் போனார்கள்.

"பாய், நீங்க குடுத்த காலண்டர்ல ஒரு சனிக்கிழமை கூடுதலா வந்துருச்சு" என்றான் மாசிலாமணி. "எங்களுக்கு வேணாம்."

மைதீன் பாய் வறளியூரில் ரொம்ப வருஷமாகக் கடை நடத்துபவர். அங்கே யாரிடமும் வாதாடிப் பிரயோஜனமில்லை என்பது அவருக்குத் தெரியும். "அச்சாபீஸ்காரன் தாராளமா அடிச்சுட்டான் போல. வச்சுட்டுப் போங்கப்பா" என்று வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். வந்த எதையும் தூக்கிப் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரி ஆபீசுக்குப் போனான். "சார், அந்தச் சனிக்கிழமையத் திருப்பிக் குடுத்தாச்சு."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தாளைக் குடுத்தா ஆச்சா? அந்த வாரம் வேலை பார்த்திருக்கீங்க, குடை தைச்சிருக்கீங்க, சம்பளம் வாங்கியிருக்கீங்க. அதெல்லாம் இல்லைன்னு ஆயிடுமாய்யா?"

மனுஷர் எரிச்சலில் கேட்டார். மாசிலாமணி அதைச் செய்யவேண்டிய வேலைகளின் வரிசை என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாளே கம்பெனியில் அந்த வாரத்தை இல்லாமல் ஆக்கும் பணி ஆரம்பமானது. ஆதிமூலம் அந்த வாரத்துக் குடைகளை ஒவ்வொன்றாகத் தையல் பிரித்தான். குப்பண்ணன் வளைத்த கம்பிகளை நிமிர்த்தினான். நிமிர்த்துகிற வேலை வளைக்கிற வேலையைவிடக் கஷ்டமாக இருந்தது. இதற்குள் விற்றுப்போன குடைகளைத் தேடி ஆட்கள் தெருத் தெருவாக அலைந்தார்கள். தபால்காரரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினார்கள். இன்னொன்று, உச்சி வெயிலில், ரத்தினவேலுவின் தலைக்கு மேலேயே இருந்தது.

"மன்னிச்சுக்கங்க மாமா" என்று மாசிலாமணி அவர் கையிலிருந்து அதை உருவினான். "இது நடக்காத வாரத்துக் குடை."

ஆயுள் முழுக்க அடுத்தவன் சாமானை ஜப்தி செய்த மனிதர், தன் சாமான் போவதை வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்து நின்றார்.

"எல்லாம் சரி, அன்னிக்குத் தின்ன கறிய என்ன செய்யிறது?" என்று குப்பண்ணன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். சாயங்காலம் வரைக்கும் அதைப் பற்றி விவாதம் நடந்தது. ஒரு வாரம் பட்டினி கிடந்தால் கணக்கு நேராகிவிடும் என்று ஆதிமூலம் தீர்ப்புச் சொன்னான். அப்படியே கிடந்தார்கள்.

பாக்கியிருந்தது சம்பளம். அதையும் கடன் உடன் வாங்கிச் சேர்த்து முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தெய்வநாயகம் இரண்டு கையாலும் வாங்கினார். "உங்க நேர்மையப் பார்த்தா மெய் சிலிர்க்குதுப்பா" என்றார். சிலிர்த்த மயிர் படிவதற்குள் பணப்பெட்டியைப் பூட்டிவிட்டார்.

"சார், குடையும் இல்ல, சம்பளமும் இல்ல, கறியும் இல்ல" என்று மாசிலாமணி பட்டினியால் தள்ளாடியபடி அதிகாரி முன்னால் போய் நின்றான். "பாக்கி இல்லன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

அதிகாரி தலையில் கையை வைத்துக்கொண்டார். "யோவ், சட்டம் பார்க்கிறது தேதியை மட்டும்தான். அந்தத் தேதிக்குச் சம்பளம் வந்துச்சா, வரி உண்டு. அப்புறம் நீ அதைத் திருப்பிக் குடுத்தியா, கிணத்துல போட்டியான்னு சட்டம் பார்க்காது. எல்லா வம்பும் இந்தச் சம்பளத் தேதியால வந்ததுய்யா! பத்து ரூபாயக் கட்டிட்டுப் போய்த் தொலை!"

கடைசி வாக்கியத்துக்கு முன்னாலேயே மாசிலாமணி நடையைக் கட்டிவிட்டான். அவனுக்கு வேண்டிய ஞானம் கிடைத்துவிட்டது.

"வம்பெல்லாம் சம்பளத் தேதியாலதானாம். அதிகாரி வாயாலயே சொல்லிட்டாரு" என்று அவன் அறிவித்ததும் கம்பெனியில் மறுபடியும் கூட்டம் கூடியது.

"அப்ப மாசத்துக்கு ஒரு தடவை வாங்குவோம்" என்றான் குப்பண்ணன்.

"அதுல பன்னெண்டு தேதி இருக்கே. பன்னெண்டு தடவையும் வம்பு வரும்" என்றான் ஆதிமூலம்.

"வருஷத்துக்கு ஒண்ணு?"

"ஒரு வம்புன்னாலும் வம்புதான."

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். "பிப்ரவரி இருபத்தொன்பது" என்றான் கடைசியில். "அது ஒரு சாதுவான தேதி. லேசில வர்றதில்ல. வராத தேதிக்கு எவன் வரி கேப்பான்?"

அந்த அறிவைக் கண்டு ஆதிமூலத்துக்குக் கண் கலங்கியே விட்டது. அப்போதே மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளி அதை ஒரு தடவை படித்தார், நம்பாமல் இன்னொரு தடவை படித்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். "இதை நான் சொல்லியிருந்தா பாவம் வந்து சேரும். நீங்களே கேக்கிறப்ப மறுக்க எனக்கு மனசு வருமா?" என்று சம்மதம் எழுதினார். அந்தச் சந்தோஷத்தில் ஆளுக்கொரு டம்ளர் மோர் வரவழைத்தார். மோருக்கான காசை அவரவர் பெயரில் பற்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் வந்தன, போயின. மேஜை வாசலுக்கு வரவில்லை. ஆட்கள் கஞ்சியில் தண்ணீரை ஊற்றி, பிறகு தண்ணீரில் கஞ்சியை ஊற்றிக் குடித்தார்கள். ஆனாலும் ஒருவனுக்கும் வரி ஏறவில்லை என்பதில் எல்லோருக்கும் பெருமைதான்.

ஒருநாள் தெருக்குழாயடியில் பவளக்கொடி மாசிலாமணியை நிறுத்தினாள். "சம்பளம் எப்ப வருது?"

"இருபத்தொன்பதாம் தேதி."

"இந்த வருஷம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான்."

"அப்படியா? காலண்டர்ல விட்டுப் போயிருக்கும்."

"விட்டுப் போனது காலண்டர்ல இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். கணக்குப் பார்க்கிற பெண்ணாக இருக்கிறாளே என்று மாசிலாமணிக்கு அவள் மேல் ஆசை இன்னும் கூடியது.

போய்ப் பார்த்தால் அவள் சொன்னது நிஜம். இருபத்தெட்டாம் தேதிக்குக் கீழே நேராக மார்ச் இருந்தது. எல்லோரும் மைதீன் பாய் கடைக்கு ஓடினார்கள்.

"என்ன பாய் அநியாயம் இது? போன காலண்டர்ல ஒண்ணு கூட, இந்தக் காலண்டர்ல ஒண்ணு கொறைச்சல்!"

பாய் நிதானமாக இழுப்பறையைத் திறந்து அந்தப் பழைய தாளை எடுத்தார். "உங்க சாமான் உங்ககிட்டயே வந்துருச்சு. கொறையுற எடத்துல ஒட்டிக்கங்க." பசைக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

ஒட்டினார்கள். மறுநாள் காலையில் ஊரெல்லாம் மார்ச் பிறந்தது. குடைக் கம்பெனியில் மட்டும் டிசம்பர் முப்பத்தொன்று, சனிக்கிழமை. ஆட்கள் குளித்து, நெற்றிக்கு இட்டு, சம்பளத்துக்கு வரிசையில் நின்றார்கள். மாசிலாமணி மேஜையைத் தூசி தட்டிப் போட்டான்.

தெய்வநாயகம் வெளியே வந்து வரிசையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். லேசில் பதறுகிற ஆள் இல்லை அவர். "இது அந்தக் கூடுதல் சனிக்கிழமைதான? இந்த வாரத்துக் குடையெல்லாம் எங்க?"

"பிரிச்சுட்டோம் முதலாளி."

"குடையே இல்ல, கூலி மட்டும் வேணுமா?"

"முதலாளி சொல்றது வாஸ்தவம்" என்றான் ஆதிமூலம். "எங்கையாலதான் பிரிச்சேன். நான் எப்படிக் கூலி கேப்பேன்?" மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஆனால் மாசிலாமணி முகம் இருண்டிருந்தது.

"கூலி போகட்டும்ணே. தேதி வந்துருச்சே! சட்டம் பார்க்கிறது தேதியை மட்டும்தான்னு அதிகாரி சொன்னாரே. வரியக் கட்டலன்னா பாக்கி விழுந்துரும்!"

எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆதிமூலம் கத்திரிக்கோலை அடகு வைத்தான். குப்பண்ணன் மனைவியின் வெங்கலச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். மாசிலாமணி மாமனாரிடம் பிடுங்கிய குடையின் கைப்பிடியை விற்றான். சாயங்காலத்துக்குள் ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டி, டிசம்பர் கடைசிச் சனிக்கிழமைக்குரிய வரி செலுத்தியாயிற்று என்று ரசீது வாங்கிவிட்டார்கள். ரசீது எழுதிய அதிகாரி, பேனாவை மூடாமலேயே, வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பமும் எழுதினார்.

ரசீதைப் பார்த்ததும் ரத்தினவேலுவுக்குக் குடை போன கோபமெல்லாம் போய்விட்டது. "வாங்கின காசுக்கே வரி கட்டாதவனைத்தான் நான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன். வாங்காத காசுக்குக் கட்டின மனுசனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். நீங்கதான் மாப்ள! சம்பளம் வந்த மறுநாளே கல்யாணத்த வச்சிருவோம். சம்பளம் என்னைக்கு?"

"பிப்ரவரி இருபத்தொன்பது மாமா."

"அப்ப முப்பதாம் தேதி முகூர்த்தம்."

அடுப்படிக்குள்ளிருந்து பவளக்கொடி குரல் கொடுத்தாள். "அந்தத் தேதின்னா எனக்குப் பூரண சம்மதம்ப்பா."

மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. நேராக மைதீன் பாய் கடைக்குப் போய், பிப்ரவரி முப்பதாம் தேதித் தாள் ஒன்று வேண்டும் என்றான். அது கடையில் இருப்பு இல்லை, தனியாக அச்சடிக்க வேண்டும், முன்பணம் ஆகும் என்றார் பாய். அதற்கென்ன என்று இடுப்பு வெள்ளி அரைஞாணைக் கழற்றிக் கொடுத்தான் மாசிலாமணி. வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"பாய், எதுக்கும் முப்பத்தொண்ணும் சேர்த்தே அடிச்சிருங்க. கல்யாணத்தன்னிக்கு மழை கிழை பெஞ்சா மறுநாள் வச்சுக்கலாம்."